டிராப் எங்க? கேஷா, ஆன்லைனா?

கடைசியா எப்ப பஸ் ஸ்டாப்பில் நின்னீங்க? நேற்றா, போன வாரமா, இல்லை பிளஸ் டூவோடு சரியா? எதுவானாலும் பரவாயில்லை. நின்றபோது என்ன செய்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பஸ் வரும் பக்கமாகக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தீர்கள். முதலில் வந்த ஷேர் ஆட்டோவை 'இப்ப பஸ் வந்துடும்' என்று விட்டீர்கள். அப்புறம் ஒரு பஸ் வந்தது, உங்க நம்பர் இல்லை. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று, அதுவும் அதே நம்பர்! கடைசியில் பொறுமை போய், பாக்கெட்டிலிருந்து மொபைலை எடுத்து ஆப்பைத் தட்டினீர்கள். '3 நிமிடத்தில் உங்கள் டிரைவர் வருகிறார்.'

நீங்கள் ஆப்பைத் தட்டிய அந்த வினாடியில் பஸ் தோற்றது. வேகத்தில் இல்லை. பீக் அவரில் அண்ணா சாலையில் கேப்பும் ஊர்ந்துதான் போகும், பஸ்ஸும் ஊர்ந்துதான் போகும். கட்டணத்தில் சுத்தமா இல்லை. பஸ் தோற்றது காத்திருப்பில். 'எப்ப வரும்?' என்ற கேள்விக்கு ஆப்பிடம் ஒரு பதில் இருந்தது, ஸ்டாப்பிங்கிடம் இல்லை. ஓலா, ஊபர், ராபிடோ எல்லாம் நமக்கு விற்றது காரையோ பைக்கையோ அல்ல பாஸ், அந்த '3 நிமிடம்' என்ற பதிலைத்தான். அது எவ்வளவு விலைக்கு வந்தது, யார் யார் கொடுத்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

மீட்டர் மேல காயும் துண்டு

ஆப்புக்கு முந்தைய சென்னையை உங்க அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள். ஆட்டோவில் மீட்டர் இருக்கும். அதன் மேல் ஒரு துண்டு காயும். 'மீட்டர் போடுங்க' என்று சொன்னால் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவனைப் போலப் பார்ப்பார்கள். 'அங்கேர்ந்து காலியா வரணும் சார்', 'மீட்டருக்கு மேல இருபது போட்டுக் கொடுங்க' என்ற வசனங்களெல்லாம் மனப்பாடம்.

ஆட்டோக்காரர்களை மட்டும் திட்டி முடித்துவிட முடியாது. கட்டணக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2007-ல் அரசு நிர்ணயித்தது முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 6 ரூபாய். அடுத்த திருத்தம் வந்தது 2013 ஆகஸ்டில். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. ஆறு வருஷம் பெட்ரோல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது, மீட்டர் ஏறவில்லை. யார் மீட்டர் போடுவார்கள்? 2013-ல் பிரின்டர், ஜி.பி.எஸ். எல்லாம் வைத்த டிஜிட்டல் மீட்டரை இலவசமாகத் தருவோம் என்றும் அறிவித்தார்கள். அறிவிப்பு வந்தது. மீட்டர் வீதிக்கு வந்து சேரவில்லை.

டாக்சி? பம்பாய், கல்கத்தா மாதிரி கைகாட்டி ஏறும் டாக்சி இங்கே பெரிதாக வேர் பிடிக்கவே இல்லை. 2000-களில்தான் கால் டாக்சி வந்தது. ஃபாஸ்ட் டிராக் என்ற பெயர் அந்தக் காலத்து ஆட்களுக்கு மறக்காது. போன் போட்டால் எதிர்முனையில் ஒரு குரல், 'லேண்ட்மார்க் சொல்லுங்க சார்' என்று கேட்கும். அரை மணி நேரத்தில் ஒரு இண்டிகா வந்து நிற்கும். ஏர்போர்ட், ஆஸ்பத்திரி, கல்யாண வீடு... இதுக்குத்தான் கால் டாக்சி. காலேஜுக்குக் கால் டாக்சியில் போனால் வீட்டில் உதைதான் விழும்.

இந்த இடத்தில்தான் ஆப் நுழைந்தது. 2009-ல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த ஊபர், 2013-ல் பெங்களூர் வந்து, 2014-ல் சென்னையிலும் கால் வைத்தது. 2010-ல் மும்பையில் தொடங்கிய ஓலா அதற்குள் பல ஊர்களில் பரவியிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, பேரம் பேசாமல் ஆட்டோவில் ஏறிய அந்த முதல் நாள் சென்னைவாசிகளுக்குச் சுதந்திர தினம் மாதிரி. எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். டிரைவர் பெயர், வண்டி நம்பர் தெரியும். ராத்திரி டியூஷன் முடிந்து வரும் பெண், தான் எங்கே வருகிறாள் என்று அம்மாவுக்கு மேப்பிலேயே காட்டலாம். 2014 டிசம்பரில் டெல்லியில் ஊபர் காரில் நடந்த பாலியல் வன்கொடுமைக்குப் பிறகுதான், டிரைவர்களின் பின்னணியைச் சரியாக விசாரித்தார்களா என்று நாடே கேட்டது. ஆப் இருந்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அந்த 230 ரூபாய் யார் வீட்டுப் பணம்?

ஆரம்ப நாட்களில் ஆப்பில் சவாரி அவ்வளவு சீப்பாக இருந்ததே, ஞாபகம் இருக்கா? உங்களுக்கு இல்லாவிட்டாலும் சீனியர்களுக்கு இருக்கும். முதல் சவாரி ஃப்ரீ, நண்பனைச் சேர்த்தால் ஃப்ரீ, ஏசி கார் ஆட்டோவைவிட மலிவு! டிரைவர் பக்கத்திலும் மழைதான். ஒரு நாளைக்கு இத்தனை டிரிப் முடித்தால் இத்தனை ஆயிரம் இன்சென்டிவ். அதை நம்பி வேலையை விட்டு, வட்டிக்கு வாங்கி, கார் எடுத்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

இந்தக் கணக்கு எப்படிக் கட்டுப்படியானது? ஆகவில்லை. 2015-ல் ஃபாஸ்ட் டிராக் நிறுவனம் பெங்களூர் சந்தையை முன்வைத்து, போட்டி ஆணையத்தில் ஓலா மீது புகார் கொடுத்தது. புகாரில் சொல்லப்பட்ட கணக்கு இது: ஒரு டிரிப்புக்குத் தள்ளுபடி, ஊக்கத்தொகை உட்பட ஓலா செலவழிப்பது சுமார் 574 ரூபாய். பயணியிடமிருந்து வருவது சராசரி 344. டிரிப்புக்கு 230 ரூபாய் நஷ்டம்! 'முதலீட்டாளர் பணத்தில் நஷ்டத்துக்கு ஓட்டி எங்களை ஒழிக்கிறார்கள்' என்பது பழைய கம்பெனிகளின் வாதம். ஆணையம் விசாரித்தது. ஊபர் கடுமையாகப் போட்டி போடும்போது ஓலா தனியாக ஆதிக்கம் செலுத்துகிறது என்று சொல்ல முடியாது என்று 2017-ல் புகாரைத் தள்ளுபடி செய்தது. ரெண்டு யானை சண்டையில் புல்லைப் பற்றிச் சட்டத்தில் பிரிவு இல்லை போலும்.

ஆக, உங்க சீனியர் ஏசி காரில் காலேஜ் போனதற்குப் பாதிக் காசு கொடுத்தவர் எங்கோ இருந்த ஒரு முதலீட்டாளர். அவர் தர்மகர்த்தா அல்ல. பழக்கம் வந்த பிறகு வசூலிக்கலாம் என்ற நம்பிக்கையில் கொடுத்தார். பணம் வற்றியதும் ஊக்கத்தொகை சுருங்கியது, சவாரிக்கு 20, 25 சதவீதம் என்று கமிஷன் உறைத்தது, நமக்குக் கட்டணம் ஏறியது. காருக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்த டிரைவருக்கு அப்போது வைத்தது ஆப் இல்லை, ஆப்பு. ஊபர் ஒரு முழு வருடத்தில் செயல்பாட்டு லாபம் காட்டியதே 2023-ல்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் டாக்சிக்காரர்கள் பட்ட பாடு இன்னும் கொடுமை. நியூயார்க்கில் மஞ்சள் டாக்சி ஓட்ட 'மெடாலியன்' என்ற உரிமம் வேண்டும். 2014 வாக்கில் ஒரு உரிமம் 10 லட்சம் டாலரைத் தாண்டி விற்றது. பெரும்பாலும் வேற்று நாட்டிலிருந்து குடியேறியவர்கள் கடன் வாங்கி வாங்கினார்கள். ஏற்கெனவே ஊதிப் பெருக்கிய விலை, கண்மூடிக் கொடுத்த கடன், அதோடு ஆப் வண்டிகள் வந்து குவிந்ததும் விலை சரிந்தது. கடன் மட்டும் அப்படியே நின்றது. 2018-ல் டிரைவர்கள் சிலர் தற்கொலை செய்துகொண்ட பிறகே, அந்த ஊர் நிர்வாகம் ஆப் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. 2021-ல் டிரைவர்கள் உண்ணாவிரதம் இருந்துதான் கடன் நிவாரணம் வாங்கினார்கள்.

அறுகோணத்துக்குள்ளே நீங்க

இன்ஜினீயரிங் பசங்களுக்கு ஒரு சின்ன பிட். ஊபர் ஊரின் மேப்பைத் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. 'ஹெச்3' என்ற பெயரில் அந்த முறையை 2018-ல் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று திறந்தும் விட்டது. ஒரு கட்டத்துக்குள் எத்தனை பேர் வண்டி கேட்கிறார்கள், எத்தனை வண்டி சும்மா நிற்கிறது என்று விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். கேட்பவர் அதிகம், வண்டி குறைவு என்றால் ரேட் ஏறும். இதுதான் நீங்கள் திட்டும் 'சர்ஜ்'.

மழை பெய்தால் ரேட் எகிறுவதற்கு யாரும் எங்கேயும் உட்கார்ந்து பட்டன் அமுக்குவதில்லை. அன்று வண்டி எடுக்கும் டிரைவர் குறைவு, கேட்கிற நீங்கள் அதிகம், அவ்வளவுதான். ரேட் ஏறினால் டிரைவர்கள் அந்தக் கட்டத்துக்கு வருவார்கள் என்பது தியரி. சிலர் கொடுக்க முடியாமல் கேட்பதையே விட்டுவிடுவார்கள் என்பதும் அதே தியரியில் சேர்த்திதான். பஸ்ஸில் இந்தக் கணக்கு கிடையாது. வேளச்சேரி வெள்ளத்தில் மிதந்தாலும் டிக்கெட் அதே விலைதான். (பஸ் வந்தால்.)

மத்திய அரசின் 2020 வழிகாட்டு நெறிமுறை, சர்ஜ் அடிப்படைக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது என்றது. 2025 ஜூலையில் வந்த புது நெறிமுறை அதை இரண்டு மடங்காக்கியது. சொந்த வண்டி டிரைவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போய்ச் சேர வேண்டும், சரியான காரணம் இல்லாமல் ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம் என்றும் அதில் இருக்கிறது. அபராதம் டிரைவருக்கு மட்டுமில்லை, உங்களுக்கும்தான்! இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியது மாநில அரசுகளின் வேலை.

'ஆப் இல்லாட்டி எப்படிப் போயிருப்பீங்க?'

இப்போது நிஜமான போட்டியாளருக்கு வருவோம். ஆப்புக்கு எதிரி ஆட்டோ, கால் டாக்சி என்றுதான் நாம் நினைக்கிறோம். ஊபர் அப்படி நினைக்கவில்லை. 2019-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது கொடுத்த ஆவணத்தில், தனக்கு எவ்வளவு பெரிய சந்தை காத்திருக்கிறது என்று கணக்குப் போட்டது. டாக்சியில் போகிறவர்களை மட்டும் எண்ணவில்லை. உலகம் முழுக்க மக்கள் பொதுப் போக்குவரத்தில் போகும் தூரத்தையும் சேர்த்து எண்ணியது. அதாவது, பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்த நீங்களும் அந்தக் கணக்கில் உண்டு.

கணக்கு தப்பவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் ஆப் வண்டியில் போய்க்கொண்டிருந்த சுமார் ஆயிரம் பேரிடம், வண்டிக்குள்ளேயே ஒரு கேள்வி கேட்டார்கள். 'இந்த ஆப் இல்லாட்டி எப்படிப் போயிருப்பீங்க?' 2018-ல் முடிவு வந்தது. 42 சதவீதம் பேர் பஸ், ரயிலில் போயிருப்போம் என்றார்கள். 12 சதவீதம் பேர் நடந்தோ சைக்கிளிலோ போயிருப்பார்களாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு, பாஸ் வைத்திருக்கும் மாணவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வாரப் பாஸ், மாதப் பாஸ் வைத்திருந்தவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாகப் பஸ், ரயிலைக் கைவிட்டு ஆப்பில் ஏறியிருந்தார்கள். கையில் பாஸ் இருக்கிறது, பஸ்ஸில் போனால் பைசா செலவில்லை, ஆனாலும் காசு கொடுத்துக் காரில் போகிறார்கள். விலை பிரச்னையே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அமெரிக்காவும் அம்பத்தூரும் ஒன்றில்லை என்பது எங்களுக்கும் தெரியும். அங்கே வீட்டுக்கு வீடு கார், இங்கே வீட்டுக்கு வீடு டூவீலர். எம்.டி.சி. பஸ்களில் தினமும் 30 லட்சத்துக்கும் மேல் ஏறி இறங்குகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பாஸ். இவ்வளவையும் மீறித்தான், பிங்க் பஸ்ஸில் சும்மா போகக்கூடிய பெண் காசு கொடுத்து பைக் டாக்சியில் ஏறுகிறாள். அவள் ஊதாரி இல்லை. ஒன்பது மணி இன்டர்னல் டெஸ்டுக்குப் பஸ்ஸை நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

இனிமேல் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பெருக்கலும் வகுத்தலும் மட்டும்தான். 60 பேரை ஒரு பஸ் ஏற்றிக்கொண்டு போகிறது. பஸ்ஸின் நீளம் 12 மீட்டர். அதே 60 பேரும் வண்டிக்கு இரண்டு பேராகக் கேப்பில் போனால் 30 கார். கார் ஒன்றுக்கு 4 மீட்டர் என்றால், நடுவில் இடைவெளியே விடாமல் ஒட்டி நிறுத்தினாலும் 120 மீட்டர். சவாரி இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்காகக் காலியாகச் சுற்றும் கார்களை இன்னும் எண்ணவே இல்லை.

அந்த 120 மீட்டருக்குப் பின்னால்தான் உங்க பஸ் நிற்கிறது. ஒரு ரூட்டில் 8 பஸ் ஓடுகிறது, போய்வர 80 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ். டிராஃபிக்கில் போய்வர 120 நிமிடம் ஆனால்? அதே 8 பஸ், அதே டிரைவர்கள், அதே டீசல் செலவு. ஆனால் 15 நிமிடத்துக்கு ஒரு பஸ். எந்த அதிகாரியும் ஒரு பஸ்ஸைக்கூடக் குறைக்கவில்லை, ஸ்டாப்பிங்கில் உங்கள் காத்திருப்பு மட்டும் ஏறிவிட்டது. அதனால் இன்னும் நாலு பேர் ஆப்பைத் தட்டுவார்கள். இன்னும் நாலு வண்டி ரோட்டுக்கு வரும். பஸ் இன்னும் லேட். பாம்பு தன் வாலைத் தானே விழுங்குகிற கதை.

சான்பிரான்சிஸ்கோவில் ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். 2010-க்கும் 2016-க்கும் நடுவில், வேலை நாட்களில் வண்டிகள் நெரிசலில் வீணாக்கிய நேரம் 62 சதவீதம் கூடியது. ஆப் வண்டிகள் வராமலே இருந்திருந்தால் 22 சதவீதம்தான் கூடியிருக்கும் என்பது 2019-ல் வெளியான அவர்களுடைய கணக்கு. நம்ம ஊர் நெரிசலுக்கு ஆப்பை மட்டும் குற்றம் சொன்னால் மெட்ரோ பள்ளம் கோபித்துக்கொள்ளும், சொந்தக் காரும் டூவீலரும் சிரிக்கும். ஆனால் பாம்பு அதே பாம்புதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆப் பஸ்ஸைத் தின்னும், ரயிலுக்குச் சோறும் போடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2017-ல் வந்த ஆய்வில், ஆப் பயன்படுத்துகிறவர்களிடையே பஸ் பயணம் 6 சதவீதம் குறைந்திருந்தது. புறநகர் ரயில் பயணம் 3 சதவீதம் கூடியிருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம். திருமங்கலத்தில் மெட்ரோவை விட்டு இறங்கி முகப்பேருக்குள் போகிறவர் யாரையும் கேளுங்கள். ரயில் டாணென்று வருகிறது, ஆனால் வீட்டு வாசல் வரை வராது. அந்தக் கடைசி 2 கிலோமீட்டருக்கு ஆப். ரயில் பாதி வழி, ஆப் மீதி வழி. இந்தக் கூட்டணி நல்ல கூட்டணிதான். பஸ்ஸோடு அப்படி ஒரு கூட்டணி அமையாததுதான் வருத்தம்.

பேரம் திரும்பி வந்தாச்சு!

ஆட்டோக்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைத்தீர்களா? 2022 நவம்பரில் பெங்களூரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கமும் ஜஸ்பே என்ற நிறுவனமும் சேர்ந்து 'நம்ம யாத்ரி' ஆப்பைக் கொண்டுவந்தார்கள். கமிஷன் கிடையாது. பயணி கொடுப்பது முழுக்க டிரைவருக்கே. பின்னால் தினமும் 25 ரூபாய், அல்லது சவாரிக்கு 3 ரூபாய் 50 காசு என்று ஒரு சின்னச் சந்தா மட்டும் வந்தது. டிரைவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ராபிடோவும் ஆட்டோவுக்குச் சந்தா முறைக்கு மாறியது. பெரிய யானைகளுக்கு வேறு வழியில்லை. ஆட்டோவுக்குக் கமிஷன் வேண்டாம் என்று ஊபர் 2025 பிப்ரவரியிலும், ஆட்டோவோடு கேப், பைக்குக்கும் சேர்த்து ஓலா 2025 ஜூனிலும் இறங்கி வந்தன. உலகத்துக்கே கமிஷன் பாடம் எடுத்த கம்பெனியை இறங்க வைத்தது யார்? காக்கிச் சட்டைக்காரர்கள்! இந்த விஷயத்தில் அவர்களுக்கு ஒரு சல்யூட் அடிக்கலாம்.

நமக்கு என்ன ஆச்சு? அங்கேதான் தமாஷ். கமிஷன் போனதும் ஊபர் ஆட்டோ விஷயத்தில் கையைக் கழுவிக்கொண்டது. திரையில் காட்டுவது உத்தேசக் கட்டணம், கணக்கை நீங்களும் டிரைவரும் பேசிக்கொள்ளுங்கள், காசு நேரே அவர் கையில்! ஆக, வண்டி வரும் முன்பே போன் வருகிறது. 'டிராப் எங்க சார்? கேஷா, ஆன்லைனா? எக்ஸ்ட்ரா முப்பது போட்டுக் கொடுங்க.' பத்து வருஷம் சுத்தி, பல்லாயிரம் கோடி முதலீட்டைக் கரைத்து, மீட்டர் மேல் காய்ந்த அதே துண்டுக்கு வந்து நிற்கிறோம். 2025-ல் வண்டி வருவதற்கு முன்பே 'டிப்ஸ்' கேட்கும் வசதியை ஊபர் வைத்தபோது, நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. டிப்ஸ் என்பது வேலை முடிந்த பிறகு கொடுப்பதல்லவோ?

இந்தப் பேரத்தின் வேர் ஆப்பில் இல்லை. 6 கிலோமீட்டர் சவாரிக்கு 2013 கட்டணப்படி 75 ரூபாய் 40 காசு வரும். இந்த ரேட்டை நம்பி இனி ஓட்ட முடியாது என்று சென்னை ஆட்டோ சங்கங்கள் 2025 பிப்ரவரி 1 முதல் தாங்களாகவே ஒரு கட்டணம் அறிவித்தன. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, அப்புறம் கிலோமீட்டருக்கு 18. அதே 6 கிலோமீட்டர் 125 ரூபாய் 60 காசு ஆகிறது. கட்டணம் நிர்ணயிப்பது அரசின் வேலை, நீங்களாக ஏற்ற முடியாது என்றது அரசு. சட்டப்படி சரி. ஆனால் பெட்ரோல் 70 சொச்சம் விற்ற காலத்து ரேட்டை, அது 100-ஐத் தாண்டிய பிறகும் வைத்திருந்தால், 75-க்கும் 125-க்கும் நடுவில் இருக்கும் 50 ரூபாயை உங்களிடம்தான் பேசித் தீர்ப்பார்கள்.

நீங்க ஓட்டுற பக்கம் இருந்தா...

படித்துக்கொண்டே பைக் டாக்சி ஓட்டுகிறவர்கள் நம்ம வாசகர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். செமஸ்டர் ஃபீஸுக்கு ஓட்டுகிறவர்களைக் குறை சொல்ல நாங்கள் யார்? ஒரே ஒரு விஷயம். உங்க வண்டி வெள்ளை நம்பர் பிளேட், அதாவது சொந்த உபயோகத்துக்கான பதிவு. இன்ஷூரன்ஸும் அதற்கு ஏற்றதுதான். வாடகைக்கு ஆள் ஏற்றிப் போகும்போது விபத்து என்றால், இன்ஷூரன்ஸ் கம்பெனி இதைக் காட்டியே தகராறு பண்ணலாம். 2025-ன் மத்திய நெறிமுறை இந்த மாதிரி பைக்குகளை அனுமதிப்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருதரம் படித்துவிடுங்கள், அடுத்த சவாரிக்கு முன்னாடியே.

தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கு 2023-ல் தனி நல வாரியம் அமைத்தார்கள். 2025 பட்ஜெட்டில், வாரியத்தில் பதிவு செய்தவர்களில் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். பதிவு செய்தால்தான் இதெல்லாம். 'நான் ஸ்டூடன்ட், பார்ட் டைம்தானே' என்று விட்டுவிடாதீர்கள்.

பஸ்ஸும் ஆப்புக்குள்ளே

நல்ல சேதியும் உண்டு. 'எப்ப வரும்?' என்ற கேள்விக்கு பஸ்ஸும் பதில் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது. பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று காட்டும் 'சென்னை பஸ்' ஆப்பை எம்.டி.சி. 2022-ல் விட்டது. 2025 செப்டம்பரில் வந்தது 'சென்னை ஒன்'. எம்.டி.சி. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆப், ஒரே க்யூ.ஆர். டிக்கெட். அதிலேயே ஆட்டோ, கேப்பும் கூப்பிடலாம், நம்ம யாத்ரி வழியாக. பின்னால் இருப்பது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். பேப்பர்களில் சுருக்கமாக 'கும்டா'. இதற்கான சட்டம் 2010-லேயே போட்டாயிற்று, முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். ஸ்டாப்பிங்கில் நாம் 20 நிமிடம் நிற்பதைப் பெரிசா பேசுகிறோம், கும்டா 12 வருஷம் நின்றிருக்கிறது!

மொபைலில் பஸ் வரும் நேரம் தெரிவது பெரிய விஷயம். '22 நிமிடம்' என்று தெரிந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் 22-ஐ 8 ஆக்குவதற்கு ஆப் போதாது. கூடுதல் பஸ் வேண்டும், அந்தப் பஸ் 30 காருக்குப் பின்னால் மாட்டாமல் போக ரோட்டில் தனி வழி வேண்டும். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. ஏறிப் பார்த்தவர்கள் சத்தமே இல்லை என்கிறார்கள். சத்தமில்லாத பஸ்ஸும் நெரிசலில் நிற்கத்தான் செய்யும்.

உங்க கிளாஸுக்கு ஒரு வேலை. ஒரு வாரம், வகுப்பில் யார் ஆப்பில் வந்தாலும் ஒரு நோட்டில் எழுதட்டும். எந்த ரூட், எத்தனை மணி, எவ்வளவு கொடுத்தீர்கள், ஸ்டாப்பிங்கில் எத்தனை நிமிடம் நின்ற பிறகு ஆப்பைத் தட்டினீர்கள். கடைசி காலத்தில் அந்த பாஸ்டன் கேள்வி: ஆப் இல்லாட்டி எப்படி வந்திருப்பீங்க? புள்ளியியல் படிக்கிறவர்கள் ஒருவரைப் பிடித்துக் கூட்டிக் கழிக்கச் சொல்லுங்கள். எம்.டி.சி.க்கு மனு எழுதும்போது 'பஸ் சரியாக வருவதில்லை' என்று எழுதினால் ஃபைலில் தூங்கும். 'காலை 8 முதல் 9 வரை, இந்த ரூட்டில், எங்க வகுப்பில் இத்தனை பேர் பாஸ் கையில் இருந்தும் காசு கொடுத்து வேறு வண்டியில் வந்தோம்' என்று நோட்டின் ஜெராக்ஸோடு எழுதிப் பாருங்கள்.